கடாரத்து முதுகுப்பைத் தோல்வார்: துளையியல் நோக்கில் ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

கடாரத்தைப் பற்றி எழுதுகிறவர் ராஜேந்திர சோழனைத் தொட்டுக் கும்பிட்ட பிறகே பேனாவைத் திறக்க வேண்டும் என்பது அறிஞர் மரபு. தொட்டாயிற்று. 1025இல் கடல் கடந்து வந்த படை, பகைவன் நகர வாயிலின் வித்தியாதரத் தோரணத்தைக் கைக்கொண்டதை மெய்க்கீர்த்தி சொல்கிறது. அப்படையினர் எந்தப் பையை முதுகில் ஏற்றி, எத்தனையாவது துளையில் வாரை மாட்டினர் என்பதைச் சொல்லவில்லை. தமிழ் வரலாற்றில் ஆயிரம் ஆண்டுகளாகத் திறந்து கிடக்கும் இந்த ஓட்டையை அடைக்கவே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வுப் பொருள், பழைய கடாரமாகிய இன்றைய கெடாவின் சுங்கை பட்டாணியில் ஒரு வீட்டு அலமாரியின் உச்சியில் இருக்கும் பழைய ராணுவ முதுகுப்பை. இரும்புச் சட்டம், கேன்வாஸ் துணி, இரண்டு தோல்வார்கள். பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் பேரம் பேசி வாங்கப்பட்டது. வாங்கிய இரண்டாம் தீபாவளிக்குள் அது ‘தாத்தாவின் பை’ ஆகிவிட்டது.

2. பூர்வீகம் பற்றிய கொள்கைகள்

ஜித்ராக் கொள்கை: இது பெரியப்பாவுடையது. 1941 டிசம்பரில் ஜித்ராவில் நிலைகுலைந்த 11ஆவது இந்திய டிவிஷன், குரூண் பக்கம் பின்வாங்கியபோது போட்டுவிட்டுப் போன பை என்பார். இது பொருந்தாது. போயர் போரில் தோல் உபகரணங்களோடு பட்ட பாடு போதும் என்று பிரிட்டிஷ் ராணுவம் 1908இலேயே பருத்தி நாடாவுக்கு மாறிவிட்டது. முதல் உலகப் போரில் நாடா நெய்து மாளாததால் 1914இல் மறுபடி தோலைத் தொட்டது உண்மை. ஆனால் ஜித்ராவுக்கு வந்த காலத்து 1937 மாதிரி மீண்டும் நாடாதான்.

ஜப்பான் கொள்கை: சைக்கிளில் வந்த ஜப்பான்காரன் விட்டுச் சென்றது என்பார் மாமா. போர் நீள நீள ஜப்பானியருக்குத் தோல் தட்டுப்பாடாகி, இடைவாரும் தோட்டாப்பையும் ரப்பர் பூசிய துணியில் வரத் தொடங்கின. ரப்பர் விளையும் நாடு அப்போது அவர்கள் கையில் இருந்தது. ஆகவே, தாத்தாவுக்கு ஜப்பான்காரனோடு தொடர்பு தேடுவோர் பால்மரத்தில் தேடலாம். இந்த வாரில் தேட இயலாது.

ஐ.என்.ஏ. கொள்கை: அதே டிசம்பரில் அலோர் ஸ்டாரில்தான் கேப்டன் மோகன் சிங், ஜப்பானிய அதிகாரி ஃபுஜிவாராவைச் சந்தித்தார், இந்திய தேசிய ராணுவத்தின் வித்து அங்கே விழுந்தது. வித்து விழுந்த ஊர் என்பதால் பையும் அங்கேதான் விழுந்திருக்கும் என்று வாதிடுவது சித்தப்பாவின் தருக்கம்.

தொண்டர் படைக் கொள்கை: பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் கள்ளுக்கு எதிராக எழுந்து, 1947இல் போலீசாரோடு மோதிய தொண்டர் படையினர் முறையாகக் கவாத்து பழகியவர்கள். ஆகவே பையும் வைத்திருந்தனர் என்பது அத்தையின் துணிபு. தாத்தா கள்ளுக்கடையின் எந்தப் பக்கம் நின்றார் என்று கேட்டதும் அத்தை வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

துணிந்த முடிபு: வாரின் உட்புறத்தில் மூன்று கிரீடங்கள் கொண்ட முத்திரை உள்ளது. அது ஸ்வீடன் ராணுவத்தின் முத்திரை; பை 1939ஆம் ஆண்டு மாதிரி. ஸ்வீடன் கடைசியாகப் போர் நடத்தியது 1814இல். ஆக, ஒரு குடும்பத்தின் முழு வீர வரலாற்றையும் சுமந்து நிற்பது, அதன் பிறகு போரே நடத்தாத ஒரு நாட்டுப் படையின் பை என்க.

3. செப்பனிடும் நெறிகள்

கெடாவில் தோலுக்கு எதிரி குண்டு அன்று, பூஞ்சணம். காற்றில் ஈரப்பதம் எழுபது விழுக்காட்டைத் தாண்டினால் அது முளைக்கத் தொடங்கும். இங்கே பெரும்பாலான இரவுகள் தாண்டியே இருக்கும். முதலில் பையை வெளியே கொண்டுபோய் உலர்ந்த பிரஷ்ஷால் தட்ட வேண்டும். வீட்டுக்குள் தட்டினால் வித்துகள் சோபாவுக்குக் குடிபெயரும். பிறகு ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிட வேண்டும். வெயிலில் போட்டால் வார் கருவாடாகும்.

எண்ணெய் இடுவதில் இரு பள்ளிகள் உள. தேங்காயெண்ணெய்ப் பள்ளி பழமையானது. தலைக்கு ஆவது தோலுக்கும் ஆகும் என்பது அதன் ஒரே சூத்திரம். அளவு மீறிய எண்ணெய் நாரைத் தளர்த்தி வாரை நீட்டிவிடும்; பூஞ்சணத்துக்கும் விருந்து வைக்கும். எதிர்ப்பள்ளி, மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபூட் எண்ணெயைச் சில சொட்டு மட்டும் தேய்க்கச் சொல்லும். அந்தப் போத்தல் தபாலில் வந்து சேர்ந்தது புரட்டாசியில். வாரே மாட்டுத் தோல்தான் என்று எடுத்துக்காட்டிய ஆய்வாளருக்கு அன்று பகல் சாப்பாடு பரிமாறப்படவில்லை.

பித்தளைக் கொக்கி உள்ள வார்களில், தோலில் ஊறிய கொழுப்பும் பித்தளையிலுள்ள செம்பும் கூடிப் பச்சைக் களிம்பு பூக்கும். செம்போடு களிம்பு உடன்பிறந்தது என்று சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்தை விளக்கினர். தேய்த்தால் போகும், எண்ணெய் இட்டால் திரும்பும் என்பதை நோக்க, அவர்களும் தோல்வார் வைத்திருந்தனர் என்பது பெறப்படும்.

4. துளையியல்

வாரிலுள்ள துளைகள் மூவகைப்படும். தொழிற்சாலைத் துளை: வட்டமானது, ஒரே இடைவெளி உடையது. சந்தைத் துளை: வட்டமானது, இடைவெளி விற்றவர் மனம்போல. குடும்பத் துளை: ஆணியும் சுத்தியலும் கொண்டு அம்மிக்கல் மேல் இடப்பட்டது. துளைக்கும் உளியால் இட்ட வட்டத் துளையில் இழுவிசை சுற்றிலும் பரவும். ஆணி தோலைப் பிளப்பதால், பிளவின் முனையிலிருந்து வார் கிழியும். நம் வாரில் குடும்பத் துளைகளே மிகுதி. மைத்துனர் சுற்றளவுக்கு ஒன்று, அவர் டயட் இருந்த மாதத்துக்கு ஒன்று, விட்டபோது ஒன்று.

இரு வாரையும் ஒரே துளையில் மாட்டுவதே முறை என்பர் புத்தகம் படித்தோர். பெரியப்பாவின் முதுகு இதை மறுக்கிறது. பல்லாண்டு காண்டாக் கம்பு எனும் காவுதடியில் இரு வாளி ரப்பர் பாலை ஒற்றைத் தோளில் சுமந்தவர். அவருக்கு வலத்தோள் ஒரு துளை தாழ்ந்தது. வாரைச் சரிசெய்தோர் அனைவரும் வார்தான் தவறு என்று கருதியே ஆணியை எடுத்தனர். வார் அப்படியே இருந்தது, மாறியவை முதுகுகள்.

5. முடிபும் பரிந்துரையும்

பிளாஸ்டிக் பைக்குள் கட்டிப் பத்திரப்படுத்திய வாரில் பூஞ்சணம் முதலில் வந்தது. கதவுக்குப் பின்னால் தொங்கி, அடிக்கடி தோளேறிய வாரில் கடைசி வரை வரவில்லை. காற்றும் கையும் படுவதும், வளைந்து நிமிர்வதுமே காரணம். எனவே தோலைக் காப்பது எண்ணெயன்று, சுமை. பையை அலமாரியிலிருந்து இறக்கிப் பசார் மாலாம் எனும் இரவுச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று இவ்வாய்வு பரிந்துரைக்கிறது.

“தாத்தாவின் பையில் மீன் வாங்குவதா?” என்று அத்தை மறுப்பார். விடை: 1814க்குப் பின் போர் நடத்தாத நாட்டுப் படையின் பைக்கு அது பதவி உயர்வே. புரட்டாசியில் மட்டும் கத்தரிக்காய் சுமக்கலாம்.