இரண்டு அமுக்குணிகள்

கேள்வி: கரும்பொருளும் நியூட்ரினோவும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளுமா?

பதில்: இரண்டுமே அமுக்குணிகள். அவற்றுக்குள் தகராறு உண்டா என்று துப்பறிவது லேசா? சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோத் துகள்கள் உங்கள் கட்டைவிரல் நகத்தை மட்டும் நொடிக்குச் சுமார் 6,500 கோடி வீதம் துளைத்துப் போகின்றன; உங்களுக்குக் கூச்சம்கூட இல்லை. கரும்பொருளோ, சாதாரணப் பொருளைவிட ஐந்து மடங்கு இருந்தும் முகம் காட்டாத ஆசாமி.

சந்தேகம் கிளம்பியதே கணக்கு உதைத்ததால்தான். பிளாங்க் செயற்கைக்கோள் அளந்த ஆதி ஒளியின்படி, இன்று பிரபஞ்சத்தில் பொருள் இன்னும் சற்றுக் கட்டிகட்டியாகத் திரண்டிருக்க வேண்டும். வானத்தை அலசிய சில ஆய்வுகள், ‘அவ்வளவு இல்லையே!’ என்றன. ஆரம்ப காலத்தில் நியூட்ரினோக்கள் கரும்பொருளை இடித்துக்கொண்டே இருந்திருந்தால், சேர்க்கை தாமதப்பட்டிருக்கும் என்பது சிலரின் ஊகம். எனக்குப் பிடித்த ஊகம்தான்.

ஆனால், பலமான அடிதடி நடக்க வாய்ப்பில்லை. பெரிய மெகல்லானிக் மேகம் என்ற பக்கத்து விண்மீன் மண்டலத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தது 1987-இல் நமக்குத் தெரிந்தது. அதன் நியூட்ரினோக்கள் வழிநெடுகக் கரும்பொருளுக்குள் புகுந்து, சுமார் 1,68,000 ஒளியாண்டு தாண்டி வந்து, ஜப்பானின் கமியோகாண்டே தண்ணீர்த் தொட்டியில் ஒரு டஜன் போலச் சிக்கின. வழியெல்லாம் வம்பிழுத்திருந்தால் வந்தே சேர்ந்திருக்காது. லேசான உரசல் இருந்திருக்கலாம், எஃப்.ஐ.ஆர். போடச் சாட்சி போதவில்லை.