பம்பு ஸ்டவ் போன பிறகு

அந்தக் காலத்தில் எங்கள் நெசவாளர் பகுதியான செல்லூரில் தறிச்சத்தத்துக்கு முன்பே தெருவை எழுப்பியது பம்பு ஸ்டவ்வின் இரைச்சல்தான். 1892-இல் ஸ்வீடனில் லிண்ட்க்விஸ்ட் உருவாக்கிய ப்ரைமஸ் அடுப்பின் வம்சம் அது. திரி கிடையாது. முதலில் பர்னரைத் தீயால் சூடேற்ற வேண்டும். காற்றடித்ததும் மேலேறும் மண்ணெண்ணெய் அந்தச் சூட்டில் ஆவியாகி நீலமாக எரியும்.

அது மக்கர் பண்ணினால் அம்மா யாரையும் கூப்பிட்டதில்லை. பம்பு அடிக்கையில் கை இலேசாக இறங்கினால் வாசர் காய்ந்திருக்கிறது. அந்தத் தோல் வாசரைக் கழற்றி, எண்ணெய் தடவி, விரலால் விரித்துப் போடுவார். மஞ்சளாக எழும்பிப் புகைந்தால் பர்னருக்குச் சூடு பற்றவில்லை. சுடர் சோர்ந்தால் நாசிலில் கரி. தகரப்பட்டை நுனியில் மெல்லிய கம்பி வைத்த பின்னை எடுத்து ஒரு குத்து. தெருவில் எல்லாப் பெண்களுக்கும் இது கைவந்த வேலை. அறுந்த பாவு நூலைப் பேசிக்கொண்டே முடிகிற விரல்களாயிற்றே!

அந்த அடுப்புக்காக நான் ஏங்கவில்லை. ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி’ என்று அன்று பேப்பரில் வந்தவை எல்லாம் விபத்துகள் அல்ல. வரதட்சணைக் கொலைகள் அந்த ஒற்றை வரிக்குள் மறைக்கப்பட்டன. 1986-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் வரதட்சணை மரணத்துக்கென 304பி பிரிவையே சேர்க்க வேண்டி வந்தது. 2007-இல் தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுக்கத் தொடங்கியபோது மனதார மகிழ்ந்தேன்.

ஆனால் பின்னைத் தூக்கிப் போட்டபோது அந்தக் கைப்பழக்கத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டோம். ஆபத்தான அடுப்பை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்திருந்த வீட்டில், பாதுகாப்பான அடுப்பு பற்றாவிட்டால் மெக்கானிக் வரும்வரை கடை இட்லிதான்.

சமீபத்தில் மதினி வீட்டிலும் அதே கதை. “கேஸ் இருக்கு தம்பி, பத்த மாட்டேங்குது” என்றார். பக்கத்து பர்னர் நன்றாக எரிந்தது. அப்படியானால் சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப் எதிலும் குறையில்லை; கோளாறு இந்த ஒரு பர்னரில்தான். ரெகுலேட்டரை மூடி, சூடு ஆறியதும் கழற்றினோம். பொங்கி வழிந்த கஞ்சி துளைகளில் காய்ந்து கிடந்தது. கழுவி, குத்திவிட்டு, துளி ஈரமில்லாமல் துடைத்துக் காயவைத்து மாட்டினோம், பற்றியது. பழைய ஸ்டவ் பழக்கத்தில் ஒன்றை மட்டும் விட வேண்டும்: கேஸ் அடுப்பின் ஜெட்டை ஊசியால் குடையக்கூடாது. துளை அகன்றால் கேஸ் மிகுந்து சுடர் மஞ்சளாகும், பாத்திரம் கரியேறும்.

டல்லாஸில் இருக்கும் அவர் மகனிடம் இதைச் சொன்னபோது, தன் வீட்டுப் பின்கட்டில் கிரில் அடுப்பும் பற்றவில்லை என்றான். நம் 14.2 கிலோ சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. பியூட்டேன் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழேயே ஆவியாக மறுக்கும். அங்கே கிரில் அடுப்புக்கு வருவது குளிரிலும் ஆவியாகும் புரொப்பேன்; எனவே குளிரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கிரில்லின் குமிழ்கள் திறந்திருக்கும்போது சிலிண்டர் வால்வைச் சட்டென்று திறந்தால், கசிவு என்று கருதி ரெகுலேட்டருக்குள் இருக்கும் அமைப்பு வாயுவைக் குறைத்துவிடும். எல்லாவற்றையும் மூடிச் சற்றுப் பொறுத்து, வால்வை மெதுவாகத் திறந்து, கிரில்லின் மூடியைத் தூக்கி வைத்த பிறகே பற்றவைக்க வேண்டும். அப்படியும் அவனுக்குப் பற்றவில்லை. “குழாய்க்குள்ள ஒட்டடை இருக்கும், கழட்டிப் பாருய்யா” என்றார் மதினி. பர்னர் குழாயில் சிலந்தி கூடு கட்டியிருந்தது.

கழற்றி மாட்டிய பிறகு சோப்பு நுரையை இணைப்புகளில் தடவிப் பார்க்கச் சொன்னேன். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சியால் சோதிக்கவே கூடாது. வீட்டுக்குள் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறக்க வேண்டும். காற்றைவிடக் கனமான வாயு தரையில்தான் தங்கும். வெளியே வந்து, நம் ஊரில் 1906 என்ற கேஸ் கசிவு அவசர எண்ணுக்கு அழைக்கலாம்; மதினி அந்த எண்ணை அடுப்படிச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்.