நிலவறை மாணாக்கர் இயல்: தொழில்முறை மல்லர்தம் குருபரம்பரை பற்றிய ஓர் ஆய்வுரை

இவ்வியல் என் நுதலிற்றோ எனின், தொலைக்காட்சியில் ஜட்டியோடு வந்து சண்டை போடுவோர் 'இன்ன ஊரில், இன்னாரிடம், எலும்பு நொறுங்கப் பயின்றோம்' எனக் கூறிக்கொள்வது மெய்யோ, மிகையோ, இரண்டும் கலந்ததோ என ஆராய்தல் நுதலிற்று. சண்டையின் முடிவு முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டது என்பதை உலகம் அறியும். ஆகவே அதில் ஆராய ஒன்றுமில்லை. பேசி வைத்த சண்டைக்குப் போகிறவன் தன் படிப்பை மட்டும் ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்ல வேண்டும்? இதுவே நம் வினா. நம் பல்கலைக்கழகங்கள் இதுவரை இவ்வினாவை எழுப்பவில்லை. எழுப்பாமைக்குத் தக்க காரணங்கள் உண்டு. அவை இங்கு வேண்டா.

ஆய்வுக்கு நூற்பா தேவை. கிடைக்காததால் நாமே இயற்றினோம்:

அடித்தவர் பெயரே ஆசான் பெயராம்;
அடித்ததை அவர்தாம் மறப்பினும் அமையும்.

இதற்குப் பாடபேதம் உண்டு. எழுதிய அன்று மாலையே நம் கையெழுத்து நமக்கு விளங்காமற் போனதால், 'அடுத்தவர் பெயரே ஆசான் பெயராம்' என்றும் படிக்க இடம் ஏற்பட்டது. எது மூலபாடம் என்பதில் இப்போது இரண்டு கட்சிகள். இரண்டிலும் நாமே உறுப்பினர்.

மூலச் சான்றுகளுள் தலையாயது, தொண்ணூறுகளில் தமிழ்நாட்டுப் பள்ளிப் பையன்களின் சட்டைப்பையில் புழங்கிய டபிள்யூ.டபிள்யூ.எஃப். சீட்டுக்கட்டு. உயரம், எடை, மார்பளவு, புஜத்தளவு, போட்ட சண்டை, வென்ற சண்டை, தரவரிசை என எல்லாம் அதில் உண்டு. ஆசான் பெயருக்கு மட்டும் இடமில்லை (அட்டைச் சுவடி, ரப்பர் பேண்டு அறுந்த பிரதி). அட்டை சொல்லவில்லை, ஆகவே மல்லர்களுக்கு ஆசானே கிடையாது என்பார் ஒரு சாரார். அட்டை சொல்லவில்லை, ஆகவே அது எல்லோரும் அறிந்த செய்தி என்பார் மற்றொரு சாரார். இரண்டாம் வகை வாதத்தைக் கொண்டு நம் நாட்டில் பேராசிரியர் பதவியே பெற்றிருக்கிறார்கள் என்பதால் அதை எளிதில் தள்ள முடியாது.

குருபரம்பரை நால்வகைப்படும்: குலவழி, கொட்டகைவழி, நிலவறைவழி, கனவுவழி.

குலவழிக்கு எடுத்துக்காட்டு ராண்டி ஆர்ட்டன். தந்தையும் மல்லர், பாட்டனாரும் மல்லர். உண்மை. மேலே செல்க.

இதன் கிளை போலிக்குலம். டெக்சாஸ்காரர் ஜாக் அட்கிசன், ஃபிரிட்ஸ் வான் எரிக் என்னும் ஜெர்மானியர் ஆனார். டொராண்டோவில் பிறந்த ஒருவர் வால்டோ வான் எரிக் என்ற பெயரில் அவருக்கு உடன்பிறப்பும் ஆனார். இது கல்வித்தகுதியில் அடங்காது. வாரிசுச் சான்றிதழில் அடங்கும். வட்டாட்சியர் அலுவலகம் பார்த்துக்கொள்ளட்டும்.

கொட்டகைவழி என்பது மினசோட்டாவில் வெர்ன் கான்யாவின் பண்ணைக் கொட்டகை. 1972இல் அங்கே பயின்றவர்களுள் ரிக் ஃபிளேரும் அயர்ன் ஷேக்கும் உண்டு. பயிற்றுவித்தவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் பில்லி ராபின்சன். விகன் நகரில் பில்லி ரைலி நடத்திய 'பாம்புக் குழி' என்னும் பயிற்சிக்கூடத்தில் உருவானவர். கொட்டகைக் கதை மிகையில்லை என்று எப்படித் துணிகிறோம்? ஃபிளேர் வலி தாங்காமல் ஓடிப்போனதையும், கான்யா அவரைத் திரும்ப இழுத்து வந்ததையும் அவரே சொல்லியிருக்கிறார். வாழ்நாளெல்லாம் தன்னைப் பற்றிப் பெருமையடித்த ஒருவர், தான் ஓடியதையும் சொன்னால் அதை நம்பலாம். சான்றிதழ் காட்டுகிறவனைவிட, பரீட்சைக்குப் பயந்து காய்ச்சல் என்று படுத்ததை ஒத்துக்கொள்கிறவனே கல்லூரிக்குப் போனவன்.

இனி நிலவறை. கனடா நாட்டுக் கால்கரி நகரில் ஸ்டூ ஹார்ட் என்பார் 1951இல் ஒரு பெரிய வீடு வாங்கினார். பன்னிரண்டு பிள்ளைகள், எட்டு ஆண், நான்கு பெண். ஆண்கள் அனைவரும் ஏதோ ஒரு வகையில் மல்யுத்தத் தொழிலுக்குள் வந்தனர். பெண்கள் நால்வரும் மல்லரையே மணந்தனர். வீட்டின் கீழ்த்தளத்தில் பாய் விரித்த சிற்றறை ஒன்று. அதற்கு 'டஞ்சன்' என்று பெயர். இளைஞர்களை அங்கே அழைத்துப்போய் ஸ்டூ மூட்டு மூட்டாக முறுக்குவார். கீழிருந்து வந்த அலறலைக் கேட்டபடியே பிள்ளைகள் மேலே வளர்ந்தார்கள். இவ்வளவும் ஐயத்துக்கு இடமில்லாதது.

ஐயம் தொடங்குவது இதற்குப் பின். அந்த அறையில் பயின்றோம் என்று சொல்லிக்கொண்டவர்களையும் பிறரால் சொல்லப்பட்டவர்களையும் ஒரே நேரத்தில் உள்ளே நிறுத்தினால், வீடு மேலெழும்பிவிடும் என்று நம் கணக்கு காட்டுகிறது. கணக்கைக் கேட்பவர்க்குத் தனியே அனுப்பி வைக்கிறோம். இங்கே தக்க சான்றாளர் கிறிஸ் ஜெரிக்கோ. நிலவறை மாணாக்கர் என்று வர்ணனையாளர்கள் அவரை அடிக்கடி வாழ்த்துவர். உண்மையில் அவர் சேர்ந்தது ஹார்ட் சகோதரர் பெயரில் நடந்த பள்ளியில். சேர்ந்த முதல் நாளே அங்கே லான்ஸ் ஸ்டார்மைச் சந்தித்தார். பாடம் சொன்னவர்கள் எட் லாங்லியும் பிராட் யங்கும். பயின்ற இருவரும் 1990 அக்டோபர் 2 அன்று ஆல்பர்ட்டாவின் பொனோகா என்ற சிற்றூரில் ஒருவரோடொருவர் மோதி அரங்கேறினர். பத்து நிமிடம், வெற்றி தோல்வி இல்லை. ஜெரிக்கோ தன் வரலாற்று நூலில் இதை மறைக்கவும் இல்லை. எனினும் லாங்லி என்று அறிவித்தால் அரங்கம் எழுந்து நிற்குமா? ஹார்ட் என்றால் நிற்கும். ஆகவே பாடம் நடத்தியவர் பெயர் போய்ப் பெயர்ப்பலகையில் இருந்தவர் பெயர் நின்றது. முனைவர் பட்ட ஆய்வேட்டில் திருத்தம் சொன்ன உதவிப் பேராசிரியர் நன்றியுரையின் கடைசிப் பத்தியில் 'மற்றும் நண்பர்கள்' என்ற தொகையில் அடங்குவதை இங்கு ஒப்புநோக்குக.

'மறப்பினும் அமையும்' என்ற அடிக்கு இதுவே பொருள். ஸ்டூ 2003இல் மறைந்தார். இனி 'உன்னை நான் முறுக்கவே இல்லையே' என்று சொல்ல ஆளில்லை.

'அடுத்தவர்' என்ற பாடத்தைக் கொள்வோர் காட்டும் எடுத்துக்காட்டு கார்ல் காட்ச். இயற்பெயர் கார்ல் இஸ்டாஸ். 1924இல் ஆண்ட்வெர்ப்பில் பிறந்து, 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பெல்ஜியத்துக்காக மல்யுத்தம் செய்து, பிறகு விகன் பாம்புக் குழியில் பயின்றவர். இத்தனை மெய்த்தகுதி உள்ளவருக்குப் பெயர் மட்டும் இரவல்: அயோவா மாநிலத்துப் பெருமல்லர் ஃபிராங்க் காட்ச்சினுடையது. ஃபிராங்க் மறைந்தது 1917இல். அதாவது கார்ல் பிறப்பதற்கு ஏழாண்டு முன்னர். கார்ல் காட்ச்சிடம் பயின்றவர் ஹிரோ மட்சுடா. இவர் இயற்பெயர் கொஜிமா. மட்சுடாவும் பழைய மல்லரிடமிருந்து வந்த இரவலே. மட்சுடாவிடம் போனவர் ஹல்க் ஹோகன். அது இயற்பெயரில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? முதல் நாளே மட்சுடா தன் காலை உடைத்தார் என்று ஹோகன் சொல்லிவந்தார். உடைந்த கால் இத்துறையில் மதிப்பெண் பட்டியல். முதல் நாள் 'உட்காருங்கள், காப்பி சாப்பிடுகிறீர்களா' என்று வரவேற்ற ஆசானைப் பற்றி ஒரு மல்லரும் பேசியதில்லை.

மேலே ஏறினால் ஃபிராங்க் காட்ச்சின் ஆசான் ஃபார்மர் பர்ன்ஸ். கழுத்தில் தூக்குக்கயிற்றை மாட்டிக்கொண்டு ஆறடி ஆழம் குதித்து, தொங்கியபடியே சீட்டியடித்துக் காட்டியவர் என்பர். அது கிடக்கட்டும். ஆய்வாளன் நிமிர்ந்து உட்கார வேண்டிய செய்தி வேறு: 1914 வாக்கில் இவர் மல்யுத்தத்தை அஞ்சல் வழியாகக் கற்பித்தார். பணம் அனுப்பினால் பாடம் வீடு தேடி வரும். ஆகவே அயோவாவில் அந்நாளில் எந்த உழவர் மகன் 'நான் ஃபார்மர் பர்ன்ஸின் மாணாக்கன்' என்றாலும் அது சட்டப்படி உண்மை. அஞ்சல் உறையை யார் கழுத்தில் பிடித்துப் பழகினார்கள் என்ற கேள்வியை நம் தொலைநிலைக் கல்வி இயக்ககங்களின் பொருட்டு விட்டுவிடுகிறோம்.

இனிக் கனவுவழி. இதில் சிறியது யோகோசூனா: சமோவா வழிவந்த அமெரிக்கர். ஜப்பானியச் சுமோ மாமல்லர் என அறிவிக்கப்பட்டு 1993 ஜனவரியில் ராயல் ரம்பிள் வென்றார். அதே மாதத்தில் ஹவாயில் பிறந்த அகெபோனோ, வெளிநாட்டாருள் முதல்வராக, சுமோவின் உச்சமான யோகோசூனா பட்டத்தை மெய்யாகவே பெற்றார். ஒரே மாதத்தில் பட்டம் ஒருவருக்கும் பெயர் ஒருவருக்குமாகப் போய்ச் சேர்ந்தது. 

பெரியது உல்டிமோ டிராகன். இவரைப் பற்றியே இவ்வியல் எழுதப்பட்டது. முன்னவை எல்லாம் அவையடக்கம்.

யோஷிஹிரோ அசாய் என்பது இவர் பெயர். உயரம் போதாமையால் ஜப்பானில் பெரிய நிறுவனத்தில் இடம் கிடைக்காமல் மெக்சிகோ போனார். அங்கே 1991இல் முகமூடியும் புதுப்பெயரும் தந்து, புரூஸ் லீயின் கடைசி மாணவர் இவர் என்று கதை கட்டினார்கள். நாள்களை வைத்துப் பார்ப்போம். புரூஸ் லீ மறைந்தது 1973 ஜூலை 20. அசாய் பிறந்தது 1966 டிசம்பர். ஆகவே கல்வி நிறைவடைந்தபோது மாணவர்க்கு வயது ஆறு.

இதை விளக்கப் புகுந்த உரைகாரர் பலர். 'குழந்தைமேதை' என்பது முதல் உரை. 'பால்பல் விழாத வயதில் உதையின் நுட்பம் விளங்காது' என்று இதை மறுத்தது இரண்டாம் உரை, பல் விழுந்தது உதையால்தானே என்று அதற்கு மறுப்பு (அட்டைச் சுவடி, மதுரைப் பிரதி, ஓரக்குறிப்பு, பென்சில், பாதி அழிந்தது). மூன்றாம் உரை ஏகலைவ வாதம்: குரு நேரில் வேண்டியதில்லை, திரைப்படமே போதும் என்பது. இதிலும் இடர் உண்டு. 'என்டர் தி டிராகன்' அமெரிக்காவில் வெளிவந்தது லீ மறைந்த பின்னர், 1973 ஆகஸ்டில். ஆசிரியர் போன பிறகு பாடநூல் வந்திருக்கிறது. நம் பாடநூல் அச்சகங்களை அறிந்தவர்க்கு இது இடரே அன்று என்று நான்காம் உரைகாரர் அமைதி கூறினார் (அட்டைச் சுவடி, தஞ்சைப் பிரதி, ஹாக்ஸா ஜிம் டக்கன் அட்டையின் பின்புறம், எலுமிச்சை சாதக் கறைக்கு இடப்பக்கம், இரண்டாம் கை, இக்கை முதல் கையின் தம்பியுடையது என்பர்).

தமிழ்ப் பேராசிரியர்கள் சிரிக்க வேண்டா. இறையனார் களவியலுக்குச் சிவபெருமானே ஆசிரியர்; உரை நக்கீரர் வாயில் பிறந்து தலைமுறை தலைமுறையாக வாய்வழி இறங்கி முசிறி நீலகண்டனாரை அடைந்தது என்று அவ்வுரையே சொல்கிறது. அப்பட்டியலில் வரும் மணலூர்ப் புளியங்காய்ப் பெருஞ்சேந்தனார் என்ற பெயரை எந்த மல்மேடையிலும் ஒலிபெருக்கியில் அறிவிக்கலாம். சிவனைக் காட்டிலும் புரூஸ் லீ அடக்கமான உரிமைகோரலே. கருத்தரங்கில் பெரியவர் ஒருவரின் பக்கத்து நாற்காலியில் சாம்பார் சாதம் சாப்பிட்டவர், அவர் மறைந்த வாரமே 'என் ஆசான்' என்று இரங்கற் கட்டுரை எழுதுவதையும் கண்டிருக்கிறோம். அவருக்கு யாரும் காலை உடைக்கவில்லை.

ஆய்வாளனைத் திகைக்க வைப்பது பின்னால் நடந்தது. அந்த அசாய் மெக்சிகோவில் டோர்யூமோன் என்ற பள்ளியை நடத்தினார். அதில் மெய்யாகவே பயிற்சி நடந்தது; மெய்யாகவே மாணாக்கர் தேறினர். அங்கே பயின்று 2004இல் அரங்கேறிய பையன் கஸுச்சிகா ஒகாடா, பின்னாளில் நியூ ஜப்பான் நிறுவனத்தின் உலகப் பட்டத்தை 720 நாள் கையில் வைத்திருந்தார். பொய்யான ஆசானுக்கு மெய்யான பேரமாணாக்கர். இவருக்குப் புரூஸ் லீ என்ன உறவு என்பதை எழுத நம் நால்வகைப் பகுப்பில் கட்டம் இல்லை. ஐந்தாவதாகப் 'புறனடை' என்று ஒன்று சேர்த்து அதில் தள்ளியிருக்கிறோம்; இலக்கணிகள் செய்வதும் அதுவே.

அடுத்த இயல் மல்லர்தம் சொந்த ஊர் பற்றியது. அல்டிமேட் வாரியர் உட்படப் பலர் 'பார்ட்ஸ் அன்னோன்' என்னும் ஊரினர் என அறிவிக்கப்பட்டுள்ளனர். ஒரே ஊர்க்காரர் இருவர் அறிமுகமில்லா அரங்கில் நேருக்கு நேர் வந்தும், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று ஒருவரையொருவர் விசாரித்ததாக ஒரு பதிவும் இல்லை.