மேனேஜருக்கு நாலு சக்கரம்

எர்ணாகுளத்தின் கலூர்க்காரனுக்கு யானையும் ரயிலும் ஒன்றுதான். இரண்டும் வழியை அடைக்கும். சரித்திரத்திலும் இரண்டுக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டு. திருப்பூணித்துறைக் கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்றுத்தான் கொச்சி ராஜா ராமவர்மா எர்ணாகுளத்துக்கு ரயில் கொண்டுவந்தார். 1902-ல் வண்டி ஓடியது. யானை வெறும் நெற்றியோடு நின்றது. அந்தத் தங்கத்தில் குன்றிமணி அளவுகூட வண்டியின் வால்பக்கம் போகவில்லை என்பதற்கு கூட்ஸ் கார்டுதான் சாட்சி.

கூட்ஸ் வண்டியின் கடைசியில் ஆடிக்கொண்டு போகும் அந்தப் பெட்டியை ஓடும் திண்ணை என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். உண்மையில் அது ஒரு நங்கூரம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பல கூட்ஸ் வண்டிகளுக்கு ஓடும்போது பிரேக் இரண்டே இடத்தில்: முன்னால் எஞ்சினில், பின்னால் கார்டு பெட்டியில். டிரைவர் விசில் ஊதினால் கார்டு கைச்சக்கரத்தைச் சுற்ற வேண்டும். மேட்டில் கொக்கி அறுந்தால், பின்னோக்கி உருளும் வேகன்களை அவர்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும். அதனால் பெட்டியை 20 டன் கனத்தில் செய்தார்கள். குளிருக்கு ஒரு கரி அடுப்பும் வைத்தார்கள். நம்மூர் கார்டுக்கு அடுப்பு தரவில்லை. மே மாதத்தில் பெட்டியே அடுப்பு.

1965-ல் பிரிட்டிஷ் ரயில்வே ஃப்ரைட்லைனர் என்று கன்டெய்னர் வண்டி விட்டது. எல்லா வேகனிலும் காற்று பிரேக். இனி நங்கூரம் எதற்கு? 1968 வாக்கில் இத்தகைய வண்டிகளில் கார்டு பெட்டியே வேண்டாம் என்று விதியைத் தளர்த்தி, கார்டை எஞ்சினின் பின்பக்க அறைக்கு அனுப்பினார்கள். மாமனார் வீட்டில் பின்கட்டு கிடைத்த மருமகன் கதை. கொஞ்ச காலம் கழித்து, மருமகனும் வேண்டாம் என்றார்கள்.

இங்கே 1973-ல் பிரசிடென்ட் டைலர் என்ற கப்பல் கொச்சிக்கு வந்தது. இந்தியாவுக்கு வந்த முதல் கன்டெய்னர் கப்பல். அன்று முதல் இரும்புப் பெட்டிக்கு ராஜ உபசாரம். அதைக் கவனிக்க 1988-ல் கான்கார் என்று தனி அரசு நிறுவனம். மணிக்கு 100 கிலோமீட்டர் ஓடும் தாழ்தள வேகன். 2011-ல் கொச்சியின் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையம் திறந்தபோது, வேம்பநாட்டுக் காயலின் மேல் 4.62 கிலோமீட்டர் பாலமும் தயார். பெட்டி போகத்தான் பாலம். மனிதருக்கு டிக்கெட் கிடையாது.

அந்தச் சொகுசுக்குப் பின்னால் கார்டு? நாலே சக்கரம், கனமில்லாத உடம்பு. முன்னால் போகும் வேகன்கள் தும்மினால் இவர் சுவரில் முட்டிக்கொள்வார். பல காலம் விளக்கும் இல்லை, விசிறியும் இல்லை. எட்டுச் சக்கரமும் கழிப்பறையும் உள்ள பெட்டி ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. அதுவரை என்ன செய்தார் என்று கேட்பது நாகரிகமல்ல. கொடி, விளக்கு, வெடிக்கும் டெட்டனேட்டர், முதலுதவிச் சாமான் எல்லாம் அடைத்த தகர லைன் பாக்ஸைத் தூக்க மட்டும் ஆள் கொடுத்தார்கள். இப்போது அந்த இடத்தில் இழுத்துப் போகும் டிராலி பை.

2022 ஜனவரியில் ரயில்வே மனமிரங்கியது. கார்டு இனி கார்டு இல்லை, 'டிரெயின் மேனேஜர்' என்று உத்தரவு போட்டது. வீடு கேட்டவருக்கு வாசலில் பெயர்ப்பலகை. இதற்கிடையே, கடைசி வேகனில் மாட்டினால் எஞ்சினோடு ரேடியோவில் பேசும் ஒரு கருவியையும் வாங்கக் கிளம்பினார்கள். அதற்குச் சம்பளமும் வேண்டாம், கழிப்பறையும் வேண்டாம்.

வல்லார்பாடம் பாதையில் வடுதலைப் பக்கம் கன்டெய்னர் வண்டி போனால் வாலைப் பாருங்கள். மேனேஜர் வாசல் கம்பியைப் பிடித்து நிற்பார். உள்ளே நாற்காலி இருக்கிறது. அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் நிற்கிறார்.