கன்னி ஆடும் கம்பியில்லா எந்திரமும்

புல்வெட்டும் ரோபோவுக்கு இப்போது கம்பி வேண்டாமாம். 1995-இல் சுவீடனின் ஹஸ்க்வர்னா நிறுவனம் சூரிய ஒளியில் ஓடும் எந்திரத்தை விற்பனைக்கு விட்டது. இவ்வகை எந்திரங்கள் எல்லை தாண்டாமலிருக்கத் தோட்டத்தைச் சுற்றிக் கம்பி பதிப்பதுதான் வழக்கமாக இருந்தது. இன்றைய வாரிசுகள் பலவும் செயற்கைக்கோளைப் பார்த்து நடக்கின்றன. நான்கு சக்கரமும் இழுக்கும் சில வகைகள் 35 பாகைச் சரிவிலும் ஏறும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் சரிவு என்றால் கண்மாய்க் கரைதான். அங்கே புல்லைவிடச் சீமைக்கருவேலம் அதிகம். கோடையில் கரிசல் வாய்பிளக்கும், சக்கரம் உள்ளே போய்விடும். ஐப்பசி மழையிலோ மனுசன் செருப்பே சேறு அப்பிக் கனக்கும். வானத்தில் வழி தெரிந்து என்ன செய்ய?

இங்கே அந்த வேலையைக் கன்னி ஆடு பார்க்கிறது. கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு கோடு. வெள்ளைக் கோடென்றால் பால்கன்னி, செம்மையென்றால் செங்கன்னி. மின்னேற்றம் வேண்டாம், ஓர் அதட்டல் போதும். ராத்திரி கிடை போட்டால் நிலத்துக்கு உரம், கிடைக்காரருக்குக் கூலி.

பழுது ஒன்றுதான். சீமைக்கருவேலங்காயைத் தின்றுவிட்டு, போகிற இடமெல்லாம் விதைபோட்டு வரும்.

2009-இல் கலிபோர்னியாவில் கூகுள் நிறுவனமே தன் வளாகப் புல்லை மேயச் சுமார் 200 ஆடுகளை வாடகைக்கு அழைத்தது. திருச்சுழி ஆட்டுக்காரரிடம் இதைச் சொன்னால், வியப்பதற்கு முன் தலைக்கு என்ன வாடகை என்றுதான் கேட்பார்.