சூப்பு மாமா

சூப்பு மாமா முன்னால் தும்மக் கூடாது. தும்மினால் மறுநாள் காலை எட்டு மணிக்கு வீட்டு வாசலில் ஒரு தூக்குப்போசி வந்து நிற்கும். அதன் பின்னால் மாமா நிற்பார். "சூட்டோட குடிச்சிரு கண்ணு, ஆவி போயிட்டாப் பாதிக் குணம் போயிரும்" என்பார். குடித்து முடிக்கும்வரை நகரமாட்டார். போசி அவருக்குத் திரும்ப வேண்டும் என்பது ஒரு காரணம். நம் முகம் தெளிவதைக் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்பது பெரிய காரணம்.

சேலத்தில் தொடங்கி சங்ககிரி, திருச்செங்கோடு, ராசிபுரம், நாமக்கல் என்று எந்த ஊரில் இறங்கினாலும் இவர் ஒருத்தர் இருப்பார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையோ, போர் போடும் ரிக் வண்டியோ, கோழிப்பண்ணையோ நடத்திவிட்டு மகன் கையில் சாவியைக் கொடுத்தவர். சாவியைக் கொடுத்தாரே ஒழிய அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. இருபது ஆட்களை மேய்த்தவருக்கு இப்போது மேய்க்கக் கிடைத்தது நாலு ஆட்டுக்கால்.

மேய்ப்பு கறிக்கடையில் ஆரம்பிக்கும். செம்மறி ஆகாது. மேச்சேரிச் செம்மறி கறிக்கும் தோலுக்கும் பேர்போன இனம் என்பதை மாமா மறுக்கமாட்டார். "ஆனா அது பிரியாணிக்குப் பொறந்தது" என்று ஒதுக்கிவிடுவார். அவருக்குச் சேலம் கருப்பு வேண்டும். உடம்பு முழுக்கக் கறுத்து, நெடுநெடுவென்று நிற்கும் வெள்ளாடு. அதிலும் முன்னங்கால். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அரைக் கிலோவுக்கும் ஈரலுக்கும் முண்டிக்கொண்டிருக்க, மாமா காலை வாங்கி மூட்டை மடக்கி நீட்டிப் பார்ப்பார். "ஏனுங்க, கால வாங்கறீங்களா, வைத்தியம் பாக்கறீங்களா?" என்று கடைக்காரர் ஒருமுறை கேட்டே விட்டார். மாமா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபின் காலுக்கும் மாமாவுக்கும் உள்ள தொடர்பு கொஞ்ச நேரம் அறுந்துபோகும். தீயில் வாட்டின காலை மறுபடி வாட்டி, மஞ்சள் பூசிச் சுரண்டி, ஒட்டியிருக்கும் முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது அத்தை. சின்ன வெங்காயம் உரிப்பதும், கொல்லிமலை மிளகும் சீரகமும் பூண்டும் தட்டுவதும், முதல் கொதியில் பொங்கும் நுரையை வழித்து ஊற்றுவதும் அத்தை. எல்லாம் முடிந்து சட்டிக்குள் இறங்கியதும் மாமா வந்து சுவிட்சைப் போடுவார். "நான் வச்ச சூப்பு" என்று ஊரெல்லாம் அவர் சொல்வது இந்தச் சுவிட்சைத்தான்.

சுவிட்சுக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த மகள் கொண்டுவந்த ஸ்லோ குக்கர் அது. அந்த ஊர் மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230. நேராகச் சொருகினால் சூப்புக்கு முன்னால் சட்டி வெந்துவிடும். ஆகவே சேலம் போய் ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கிவந்தார். சட்டியைவிட அது கனம். சமையல் மேடையில் மிக்சி இருந்த இடத்தை அது பிடித்துக்கொள்ள, மிக்சி பூஜை அறைப் பக்கம் குடிபோனது.

சட்டியில் 'லோ', 'ஹை' என்று இரண்டு நிலை. 'ஹை'யை மாமா தொட்டதே இல்லை. "கொல்லிமலை ஏறறப்ப டாப் கியர் போடுவியா?" என்று கேட்பார். ராத்திரி எட்டு மணிக்குப் போட்டால் காலை எட்டு மணி. 200 வாட் என்று வைத்தால் 12 மணி நேரத்துக்கு இரண்டரை யூனிட்டுக்கும் குறைவு. "ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் கவர்மெண்டு சும்மா குடுக்குது, அது எதுக்குன்னு நினைச்சே?" என்பது மாமாவின் பொருளாதாரம். "அந்த நூறை உங்க ஏ.சி. எப்பவோ தின்னு முடிச்சிருச்சுங்க" என்பது அத்தையின் தணிக்கை அறிக்கை.

இந்தச் சட்டியின் பூர்வீகத்தை அவரிடம் சொன்னேன். இர்விங் நாக்சன் என்ற அமெரிக்கர் 1940-இல் காப்புரிமை வாங்கியது. லிதுவேனியாவில் தன் வீட்டுப் பெரியவர்கள் யூதர்களின் ஓய்வுநாளுக்கு முந்தின மாலை ரொட்டிக் கடை அடுப்பின் மிச்சச் சூட்டில் பானையை இரவெல்லாம் வைத்திருப்பார்கள் என்று அவருடைய அம்மா சொன்ன கதைதான் அதற்கு வித்து. மாமா அசரவில்லை. "எங்க ஆத்தா தெனம் பண்ணுனது. சோறாக்குன தணல்ல மண்சட்டிய வச்சு மூடிட்டுப் படுத்துக்கும். காப்புரிமை வாங்கத் தெரியல, அவ்வளவுதான்." இதில் மாமா பக்கம் நியாயம் உண்டு.

அத்தைக்கும் ஒரு சாட்சி தேடித் தந்தேன். "குக்கர்ல அஞ்சாறு விசில்ல ஆகறதுக்கு ராத்திரி பூராவா?" என்பது அவருடைய நெடுநாள் வழக்கு. டெனிஸ் பப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-இல் லண்டனில், ராயல் சொசைட்டியின் அறிஞர்களுக்கு ஒரு மூடிய பாத்திரத்தைக் காட்டினார். இன்றைய பிரஷர் குக்கரின் பாட்டன். எலும்பை மெத்தென்று ஆக்குவதுதான் அதன் வேலை. ஆக, குக்கர் பிறந்ததே எலும்புக்காக. அத்தை மாமாவைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. மாமா மட்டும், "அந்தக் காலத்துலயே வெள்ளைக்காரனுக்குப் பொறுமை இல்லை பாரு" என்றார்.

சாறு நன்றாக வந்ததா என்பதற்கு மாமா வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். ஒரு கிண்ணம் எடுத்து பிரிட்ஜில் வைப்பார். ஆட்டுக்காலில் கறி ஏது? தோலும் நரம்பும் மூட்டும்தான். அதிலிருக்கும் கொலாஜன் மெல்லிய சூட்டில் கரைந்து ஜெலட்டின் ஆகிறது, ஆறினால் கட்டியாக உறைகிறது. பத்திரிகை வைக்க வந்தவர், சீட்டுப் பணம் கேட்க வந்தவர், யாராயிருந்தாலும் மாமா அந்தக் கிண்ணத்தை எடுத்துவந்து அவர்கள் தலைக்குமேல் கவிழ்த்துக் காட்டுவார். "விழுகாது, பயப்படாதீங்க." இதுவரை விழவில்லை. ஆனாலும் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

கோழிச்சாறு என்றால் பண்ணையில் முட்டை குறைந்து கழித்துவிட்ட கோழிதான் வேண்டும். இளங்கோழி சட்டியில் கரைந்து காணாமல் போய்விடும், முற்றினதுதான் நின்று சாறு விடும். இது சமையல் உண்மை. அதைச் சொல்லும்போது மாமாவின் குரல் மட்டும் சமையலைத் தாண்டிவிடுகிறது. "கணக்கு முடிச்சு வெளிய அனுப்பினதுலதான்டா சத்து இருக்கு" என்று பட்டறை இருக்கும் திசையைப் பார்த்துச் சொல்வார்.

அவருக்குக் குறை ஒன்றுதான், நோயாளிப் பஞ்சம். தெருவில் யாரும் படுக்காத வாரம் மாமாவுக்குச் சாறு ருசிப்பதில்லை. திண்ணையில் உட்கார்ந்து போகிறவர்களின் நடையைக் கவனிப்பார். "முழங்கால் வலிக்குதா?" "இல்லீங்க மாமா." "வலிக்கும்." பைபாஸில் வண்டியோடு விழுந்து காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்ட பையன்தான் அவருடைய தீபாவளி. கட்டுப் பிரிக்கும்வரை தினமும் போசி போனது. எலும்பு கூடியது. டாக்டருக்குப் பணம், மாமாவுக்குப் பேர். கால்சியம் வேண்டுமென்றால் ஒரு டம்ளர் பால் போதும், எலும்பிலிருந்து அது சாற்றில் இறங்குவது சொற்பம் என்று டாக்டருக்குப் படித்த மருமகன் விளக்கினான். "பால் குடிச்ச கன்னுக்குட்டிதான் துள்ளும். பால் குடிச்ச மனுசன் தூங்குவான்" என்று மாமா பதில் சொன்னார். மருமகன் ஆறு வருஷம் படித்ததில் இதற்கு விடை இல்லை.

புரட்டாசியில் அத்தை சட்டியைக் கழுவிப் பரணில் ஏற்றிவிடுவார். மாமா காரவள்ளி வழியாக 70 கொண்டை ஊசி வளைவும் ஏறிக் கொல்லிமலைக்குப் போய்விடுவார். அங்கே முடவாட்டுக்கால் கிழங்கு உண்டு. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு. மேலே பழுப்பு ரோமம் போர்த்து, பார்த்தால் ஆட்டுக்கால் என்றே கை எடுக்கத் தோன்றும். அதைச் சீவி மிளகு போட்டு வைத்த சூப்பை அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் டம்ளரில் விற்பார்கள். சைவத்துக்குச் சைவம், காலுக்குக் கால். பெருமாளுக்கும் குறை இல்லை.

போன தையில் மாமாவின் கால் கட்டைவிரல் தக்காளியாய் வீங்கியது. யூரிக் ஆசிட் கூடிவிட்டது, கறியும் கறிச்சூப்பும் கொஞ்ச நாளைக்குக் கூடாது என்றார் டாக்டர். தெருவே மூச்சு விட்டது. மாமா நொண்டிக்கொண்டே கொல்லிமலைக்கு ஆள் அனுப்பி இரண்டு கிலோ கிழங்கு வரவழைத்தார். அன்று ராத்திரி சுவிட்ச் போட அவரால் எழ முடியாமல் அத்தைதான் போட்டார். விடிகாலையில் மூடியைத் திறந்து கரண்டியை விட்டவருக்கு அடியில் ஏதோ தட்டுப்பட்டது. தூக்கிப் பார்த்தால் நல்லி எலும்பு.

"ஏனுங்க, டாக்டர் என்ன சொன்னாரு?"

"கறி கூடாதுன்னாரு" என்றார் மாமா, கட்டிலில் இருந்தபடியே. "அதுல கறி எங்க இருக்குது, நல்லாப் பாரு."