கமிட் கேட்காத கிடங்கு

கேள்வி: டேட்டாபேஸ் என்றால் ஒரு சர்வர், ஒரு போர்ட், மறந்துபோக ஒரு பாஸ்வேர்டு. லைப்ரரியே டேட்டாபேஸ் என்கிறார்களே, அது எங்கே ஓடுகிறது?

பதில்: உங்கள் புரோகிராமுக்குள்ளேயே. பெர்க்லி டிபியைப் பாருங்கள். சர்வர் இல்லை, எஸ்க்யூஎல் தேவையில்லை. ஒரு சாவி, அதற்கொரு மதிப்பு, டிஸ்க்கில் ஒரு ஃபைல், அவ்வளவுதான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பிறந்தது. அங்கிருந்து யூனிக்ஸோடு பரவிய 1.85 பதிப்பில் டிரான்சாக்‌ஷனே கிடையாது. மார்கோ செல்ட்சரும் கீத் பாஸ்டிக்கும் 1996-இல் தொடங்கிய ஸ்லீப்பிகேட் நிறுவனம், மறு ஆண்டு வெளியிட்ட 2.0 பதிப்பில்தான் அது வந்து சேர்ந்தது. 2006-இல் ஆரக்கிள் அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது.

கேள்வி: டிரான்சாக்‌ஷன் இல்லாமலா? பிரேக் இல்லாத பஸ்ஸில் ஏறச் சொல்கிறீர்களே!

பதில்: தெருமுனைக் கடைக்குப் போகிற சைக்கிளில் யாரும் ஏர் பிரேக் மாட்டுவதில்லை. பெர்க்லி டிபியில் டிரான்சாக்‌ஷன் என்றால் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் லாகில் எழுத வேண்டும். அது டிஸ்க்கில் இறங்கும்வரை கமிட் காத்திருக்க வேண்டும். பணக் கணக்குக்கு அந்தக் காத்திருப்பு அவசியம். போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சர்வரின் முகவரிப் பட்டியலுக்கு எதற்கு? மூலம் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கிறது. அட்மின் அதைத் திருத்திவிட்டு ‘போஸ்ட்மேப்’ கட்டளை கொடுத்தால் டிபி ஃபைல் தயார். நாளைக்கு அந்த ஃபைல் காணாமல் போனாலும் அதே கட்டளை இன்னொரு முறை, கதை முடிந்தது.

ஆகவே வேகத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது இது: இந்த ஃபைல் போய்விட்டால் வேறு எதிலிருந்தாவது திரும்பக் கட்ட முடியுமா?

கேள்வி: சரி, கட்டலாம். எப்படித் தொடங்குவது?

பதில்: ஹேண்டிலை உருவாக்கி, ஓப்பன் செய்து, புட், கெட், கடைசியில் க்ளோஸ். ஹேண்டிலை உருவாக்கும்போது என்விரான்மென்ட், ஓப்பன் செய்யும்போது டிரான்சாக்‌ஷன் என இரண்டும் கேட்கிற இடங்களில் நல் கொடுத்துவிடலாம். பி-ட்ரீயா, ஹாஷா என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். வரிசையாகப் படிக்க வேண்டுமென்றால் பி-ட்ரீ. சி மொழியில் எழுதுகிறவர்கள், சாவியையும் மதிப்பையும் சுமக்கும் ஸ்ட்ரக்சரை முதலில் பூஜ்யத்தால் நிரப்ப வேண்டும். இதை விட்டுவிட்டு இரவெல்லாம் டீபக் செய்கிறவர்கள் உண்டு. இயல்பான கேஷ் அளவு 256 கேபிதான். பெரிய ஃபைலென்றால் ஓப்பனுக்கு முன்பே கூட்டிவிடுங்கள்.

க்ளோஸை மட்டும் மறக்கக் கூடாது. எழுதியதெல்லாம் கேஷில் நின்றிருக்கலாம். அதை டிஸ்க்கில் இறக்குவது சிங்க், அல்லது க்ளோஸ். நடுவில் கரன்ட் போனால் கடைசியாக எழுதியது மட்டும்தான் போகும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பி-ட்ரீயில் ஒரு பக்கம் நிரம்பி இரண்டாகப் பிரிகிற நேரம் என்று வையுங்கள்: கீழ்ப்பக்கம் டிஸ்க்குக்குப் போய்விட்டது, அதைச் சுட்டுகிற மேல்பக்கம் போகவில்லை. என்றைக்கோ எழுதிய பழைய தரவுகூட எட்டாமல் போகலாம். சரிபார்க்க ‘டிபி வெரிஃபை’ இருக்கிறது, மிஞ்சியதை அள்ள ‘டிபி டம்ப்’ இருக்கிறது. மூலம் கையில் இருந்தால் அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதே நல்லது.

கேள்வி: ஒரே ஃபைலில் இரண்டு புரோகிராம் எழுதினால்?

பதில்: இதுவரை சொன்ன அமைப்பில் ஃபைல் பாழாகும். அதற்கென்றே ‘கன்கரன்ட் டேட்டா ஸ்டோர்’ என்ற வகை இருக்கிறது. என்விரான்மென்டை அந்த முறையில் திறந்தால், ஒரே நேரத்தில் எத்தனை பேரும் படிக்கலாம், எழுதுவது ஒருவர்தான். ரோல்பேக், ரெக்கவரி இதிலும் கிடையாது. ஒரு பொறி உண்டு: படிக்கத் திறந்த கர்சரை மூடாமல், அதே த்ரெட்டில் எழுத இன்னொரு கர்சர் திறந்தால் புரோகிராம் தனக்குத்தானே காத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடும்.

கேள்வி: இதில் சூடு பட்டவர்கள் உண்டா?

பதில்: ரெட் ஹேட் குடும்ப லினக்ஸ் அட்மின்களைக் கேளுங்கள். இன்ஸ்டால் செய்த பேக்கேஜ்களின் பட்டியலை ஆர்பிஎம் என்ற பேக்கேஜ் கருவி நெடுங்காலம் பெர்க்லி டிபியில், டிரான்சாக்‌ஷன் இல்லாமல்தான் வைத்திருந்தது. அப்டேட் பாதியில் செத்தால் பழைய பூட்டு ஃபைல்கள் மிஞ்சும்; அடுத்த கட்டளை அசையாது. அவற்றை அழித்துவிட்டு ‘ரீபில்ட் டிபி’ கொடுப்பது பல அட்மின்களுக்குக் கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. இண்டெக்ஸ்கள் திரும்ப வந்துவிடும். ஆனால் ‘பேக்கேஜஸ்’ என்ற மூல ஃபைலே கெட்டால்? அதற்கு வேறு மூலம் கிடையாது. முகவரிப் பட்டியலுக்குச் சரியாக இருந்த முடிவு இங்கே தவறானது அதனால்தான். 2020-இல் ஃபெடோரா 33 இந்தப் பட்டியலை எஸ்க்யூலைட்டுக்கு மாற்றியது.

கேள்வி: இன்றைக்குப் புதிதாகத் தொடங்குகிறவர் பெர்க்லி டிபியை எடுக்கலாமா?

பதில்: உரிமத்தைப் படித்துவிட்டு எடுக்கட்டும். 2013-இல் 6.0 பதிப்போடு ஆரக்கிள் ஏஜிபிஎல் உரிமத்துக்கு மாறியது, அதனால் டெபியன் லினக்ஸ் பெர்க்லி டிபி 5.3-லேயே நின்றுவிட்டது. ஓப்பன்எல்டாப் டைரக்டரி சர்வருக்காக ஹோவர்ட் சூ எழுதிய எல்எம்டிபியும் லைப்ரரிதான். ஆனால் டிரான்சாக்‌ஷன் தொடங்காமல் ஒரு பைட்கூட எழுத விடாது. போஸ்ட்மேப்பிலும் ஹாஷுக்குப் பதிலாக எல்எம்டிபி என்று கேட்கலாம்.